எஃப், எல், டி, அரைப்புள்ளி

சுன்னாகத்துச் சிக்கன சங்கத்துக்கு
இணையத்தளம் செய்து குடுத்தவன் நான்.
முகப்பில் தலைவர் மாலையோடு வருவார்,
அவர் போகப் பனங்கூடல் வரும்,
மூன்று செக்கனுக்கொருக்கால் எல்லாம் வழுக்கி ஓடும்.
திறந்துவைத்த அன்று லட்டும் பற்றிஸும்.
"இனி ஒருத்தரும் இஞ்ச வந்து வரிசையில நிக்கத் தேவையில்லை"
என்றார் செயலாளர். நான்தான் முதலில் கைதட்டினேன்.

அடுத்த செவ்வாய் அவ வந்தா.
பிறேமவதனி. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில்
ரெலிபோன் எடுத்து இணைக்கிறவ.
எந்த வார்ட்டுக்கு எந்த இலக்கம் என்று
விரலுக்குத் தெரியும்; கண் பிறவியிலேயே இல்லை.
வெளிநாட்டுக் காசில் கட்டின சாய்தளத்தை மறித்து
நாலு மோட்டச்சைக்கிள். அதில் ஒன்று என்னுடையது.
இடுக்குக்குள்ளால் வெள்ளைத் தடியை விட்டு
மெல்ல மெல்ல வந்து சேர்ந்தா.

"வரத் தேவையில்லை எண்டு கேள்விப்பட்டன்.
அது எப்பிடியெண்டு கேக்கத்தான் வந்தனான்."

போனை மேசையில் வைத்தா.
நான் செய்த தளம் முதன்முதலாக என் காதில் விழுந்தது:

படம்.
படம்.
ஐ எம் ஜி அடிக்கோடு பூச்சியம் நான்கு ஏழு.
பொத்தான்.
பொத்தான்.
எஃப், எல், டி, அரைப்புள்ளி.

"அது என்ன அண்ணை, எஃப் எல் டி?"

அது 'கடன்'.
பாமினியில் அடித்த கடன்.
பார்க்கத் தமிழாய் நிற்கும்;
உடுப்பைக் கழற்றினால் உள்ளே ஆங்கிலச் சில்லறை.
இருபது வருசச் சுற்றறிக்கையை
அப்படியே வெட்டி ஒட்டினவன் நான்,
வாய் வரவில்லை.

கடைசியில் தளம் அவவிடம் கேட்டது,
நீ மனிசியா என்று.
மனிசியென்றால் சிக்னல் லைற் உள்ள பெட்டிகளைத் தொடு என்று.
"காங்கேசன்துறை றோட்டிலயே
தேடிப் பிடிக்கோணும் அந்த லைற்றை" என்று சிரித்தா.
செயலாளரும் சிரித்தார். எனக்கு வரவில்லை.

அன்றிரவு படங்களுக்குச் சொல் எழுதக் குந்தினேன்.
தலைவரின் படம்: 'தலைவர். செவ்வந்தி மாலை.
போட்டோக்காரருக்குப் பின்னால் எதையோ பார்க்கிறார்.'
'எதையோ'வை வெட்டினேன். திரும்பப் போட்டேன்.
பனங்கூடலுக்கு எழுத ஒன்றும் வரவில்லை.
அது அலங்காரம், வெறுமையாய் விடு என்று விதி சொன்னது;
விட்டேன். பிறகு படத்தையே தூக்கினேன்.
எழுத்தெல்லாம் திரும்ப அடிக்க ஒன்பது நாள்.
பொத்தான்களுக்குப் பெயர் வைக்க ஒரு மத்தியானம்:
விண்ணப்பி. பின்செல். வட்டி பார்.
சாம்பல் எழுத்தைக் கறுப்பாக்கினபோது
பொருளாளர் சந்திரலிங்கத்தார் காதோடு சொன்னார்:
"நான் கண்ணில வெள்ளை படருது எண்டெல்லோ
யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

மோட்டச்சைக்கிளை வேப்ப மரத்தடிக்கு மாற்றினேன்.
மற்ற மூன்றும் அங்கேதான் நிற்கின்றன.

அவவுக்கு அழைத்தேன். "ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."
அந்தப் பக்கம் அவவின் போன் வேகமாய்ப் பேசியது,
எனக்கு விளங்காத வேகம்,
மழைக்கு முந்தித் தகரத்தில் விழும் கல்லுப் போல.
முகப்பு. கடன். வட்டி பார்.
நின்றது.
திரும்ப ஒருதரம்: வட்டி பார்.

"பதினெட்டு வீதமோ?"
"ஓம்."
"பிணைக்கு ரெண்டு பேர், அதுவும் அரசாங்க உத்தியோகமோ?"
"ஓம்."
"அப்ப எனக்கு இந்தக் கடன் வேண்டாம் அண்ணை.
வடிவா வாசிக்குது. சந்தோசம்."

வைத்துவிட்டா.

செயலாளர் கேட்டார், "என்னவாம், விண்ணப்பிச்சிட்டாவோ?"

இல்லை, என்றேன்.
வாசிச்சிட்டா.